ஆறாம் பள்ளியின் கழித்தல் குறி

நான் பேசுவதைவிட வேகமாகத் தட்டச்சு செய்வேன். தென்காசியில் நான் வேலை பார்க்கும் கடைக்கு யார் வந்தாலும், முதலில் அண்ணாச்சி பேசட்டும் என்று கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொள்வது என் வழக்கம். அவர்தான் கடை முதலாளி. போன் அடித்தாலும் எடுத்து அவரிடமே கொடுத்துவிடுவேன். நாற்பத்தாறு வயதில் இது ஒரு பெருமை இல்லை. ஆனாலும் அப்படித்தான் இருந்தேன்.

கடைப் பலகையில் ஜெராக்ஸ், டைப்பிங், பைண்டிங் என்று எழுதியிருக்கும். உள்ளே நடக்கும் பெரிய வேலை ஆய்வேடு. ஆராய்ச்சிப் படிப்புப் படிப்பவர்கள் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவருவார்கள். அதைத் தட்டச்சு செய்து, அட்டவணை போட்டு, கெட்டி அட்டையில் புத்தகமாக்கிக் கொடுப்போம். நான் பன்னிரண்டாம் வகுப்பும் டைப்ரைட்டிங் பரீட்சையும் முடித்தவள். புள்ளியியல் படித்ததில்லை. வருகிறவர்கள் எல்லோரும் "கணக்கையும் நீங்களே போட்டுத் தந்திருங்க" என்று கேட்கத் தொடங்கியபோது, இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை அண்ணாச்சி கம்ப்யூட்டரில் ஏற்றினார். எந்தப் பெட்டியில் டிக் போட்டால் எந்த அட்டவணை வரும் என்பதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, தடவித் தடவிப் படித்தேன்.

இலத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வருவார். கணக்கு டீச்சர். பின்னக் கணக்கை அட்டைகள் வைத்து விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடிபடுகிறதா என்பது அவருடைய ஆராய்ச்சி. எட்டுப் பள்ளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு வகுப்புக்கு அட்டை, இன்னொரு வகுப்புக்கு வழக்கமான கரும்பலகை. பள்ளிகளின் பெயரை எழுதக் கூடாதாம். ஒன்று முதல் எட்டு வரை எண்தான். ஆறு வருடமாக, சம்பளம் வாங்கும் வேலையும் வீடும் போக மிச்சமிருந்த நேரத்தில் செய்த ஆராய்ச்சி அது.

எஃபெக்ட் சைஸ் என்ற சொல்லை எனக்குப் புரிய வைத்தவரும் அவர்தான்.

"அக்கா, ரெண்டு வகுப்புக்கும் மார்க்குல வித்தியாசம் இருக்குன்னு சொல்லுதது ஒண்ணு. அந்த வித்தியாசம் எம்புட்டுப் பெருசுன்னு சொல்லுதது இன்னொண்ணு. ரெண்டாவது சொல்லுதோம்லா, அதான் எஃபெக்ட் சைஸ். ப்ளஸ் வந்தா அட்டை ஜெயிச்சிருக்கு. மைனஸ் வந்தா கரும்பலகையே தேவலைன்னு அர்த்தம்."

"மைனஸ் வந்தா?"

"வராதுக்கா," என்று சிரித்தார். "நா அம்புட்டுப் பாடுபட்டுருக்கேன்லா."

எட்டு எண்கள் வந்தன. திரையில் இருந்த அட்டவணையை எடுத்து அவருடைய ஐந்தாம் அதிகாரத்தில் ஒட்டினேன். எங்கள் கடையில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டினால் வரிகளின் தலையில் தேவையில்லாத சின்னச் சின்னக் கோடுகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அண்ணாச்சிக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அதிகாரம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, கோடு இருக்கும் இடத்தில் எல்லாம் ஒன்றுமில்லாமல் ஆக்கு என்று ஒரே கட்டளையில் மாற்றிவிடுவோம். அதற்கு அவர் வைத்த பெயர் களை எடுப்பு. டீச்சரின் ஐந்தாம் அதிகாரத்திலும் நான் களை எடுத்தேன். சுத்தமாக இருந்தது. எட்டுப் பள்ளியிலும் அட்டைக்கே வெற்றி என்று டீச்சர் எழுதிக் கொடுத்தார். நான் தட்டச்சு செய்தேன். புத்தகம் போய்ச் சேர்ந்தது. அது போன வருடம்.

இந்த வருடம் சாரல் தொடங்கியதும் வைவாவுக்குத் தேதி வைத்தார்கள். வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, எல்லோர் முன்னிலும் கேள்வி கேட்டு, பட்டம் கொடுக்கலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும். எக்ஸ்டர்னல் சார் என்போம். எங்கள் பக்கத்து ஆய்வேடுகளுக்குச் சாரல் காலத்தில் எக்ஸ்டர்னல் கிடைப்பது எளிது. மற்ற மாதங்களில் நேரமில்லை என்பவர்கள் ஆடியில் குடும்பத்தோடு வந்து குற்றாலத்தில் அறை எடுத்துவிடுவார்கள். இவரும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மூன்று நாள் முன்னதாகவே வந்துவிட்டார்.

வைவாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் டீச்சர் போன் செய்தார். அண்ணாச்சி பேசிவிட்டு என்னிடம் சொன்னார். டீச்சருடைய ஆராய்ச்சியை வழிநடத்தும் கைடு மூலம், எக்ஸ்டர்னல் சார் எஃபெக்ட் சைஸ் அட்டவணையை எக்செல் கோப்பாகக் கேட்கிறாராம். லாட்ஜில் மழையில் நெட் சரியாக எடுக்கவில்லை, பென் டிரைவில் போட்டு யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னாராம்.

அதுவரை நான் எந்த முடிவையும் எக்செல் கோப்பாக வெளியே எடுத்ததில்லை. பார்த்து ஒட்டுவது, இல்லையென்றால் பார்த்துத் தட்டுவது, அவ்வளவுதான். டீச்சரின் பழைய தரவைத் திறந்து, நோட்டைப் பார்த்து அதே பெட்டிகளில் டிக் போட்டு, ஏற்றுமதி என்ற கட்டளை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினேன். கிடைத்தது. கோப்புக்குப் பெயர் கொடுத்து அழுத்தினேன். எக்செல் திறந்தது. எட்டு வரி. ஆறாவது வரியில் எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு.

ஏற்றுமதியில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். ஆறாவது வரியில் கோடு. மென்பொருளின் திரையைப் பார்த்தேன். அங்கும் இருந்தது. ஆய்வேட்டின் நகலை எடுத்து ஐந்தாம் அதிகாரத்தைப் புரட்டினேன். அங்கே இல்லை. எந்தக் கட்டளையால் அந்தக் கோடு போனது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஏம்மா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

"இதுல என்ன?"

"மைனஸ், அண்ணாச்சி. புக்குல இல்ல."

"அழி. புக்குல எப்படி இருக்கோ அப்படியே ஆக்கிக் குடு. எட்டு நம்பர்ல ஒரு கோடு, எவன் பாக்கப்போறான்? அவரு அருவியில குளிக்க வந்துருக்காரு. கோடு எண்ணவா வந்தாரு?"

"நாந்தான் போன வருசம் அழிச்சேன்."

"அப்ப இன்னொரு தடவ அழிக்கதுக்கு என்ன?"

எக்செல்லில் ஒரு கட்டத்தைத் திருத்துவது மூச்சு விடுவதைப் போல எளிது. விரல் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோடு என்ன சொல்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். ஒரு பள்ளியில் அட்டை கொடுத்த வகுப்புப் பிள்ளைகள், கொடுக்காத வகுப்பைவிடக் குறைவாக வாங்கியிருக்கிறார்கள். அது நடந்திருக்கிறது. நான் முதலில் அழித்தது தெரியாமல். இரண்டாவது முறை அழித்தால் அதற்குப் பெயர் வேறு.

"டீச்சர வரச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றேன்.

அரை மணி நேரத்தில் டீச்சர் ஸ்கூட்டியில் நனைந்துகொண்டே வந்தார். நான் எதையும் விளக்காமல் திரையைக் காட்டினேன். பிறகு புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பின்னிணைப்பை எடுத்துக் காட்டினேன். எல்லாப் பள்ளிகளின் சராசரி மதிப்பெண்களும் அங்கே வரிசையாக இருந்தன. ஆறாம் பள்ளியில் அட்டை வகுப்பின் சராசரி குறைவு. அது அங்கே எல்லோர் கண்ணுக்கும் முன்னால் ஒரு வருடமாக இருந்திருக்கிறது. அவரும் பார்க்கவில்லை, அவருடைய கைடும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இது நா கையெழுத்துப் போட்ட பக்கம்," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "அக்கா, இத அவரு பாக்கலன்னா?"

"பாத்தா?"

"பாத்தா நா வேணும்னே அழிச்சேன்னு சொல்லுவாவ. கைடுகூட நம்ப மாட்டாரு. ஆறு வருசமும் போச்சு." அவர் கண் நிறைந்துவிட்டது. "நா போயி விளக்கவும் முடியாது. வைவாவுக்கு முன்னால நாங்க எக்ஸ்டர்னலப் பாக்கவே கூடாது. கைடு கண்டிச்சுச் சொல்லிருக்காரு."

"நா போறேன்."

அண்ணாச்சி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "நீயா? ராங் நம்பருக்கே பதில் சொல்ல மாட்ட. நீ போயி புரொபசர்கிட்ட என்னத்தப் பேசப்போற?"

"அழிச்சது நான். நாந்தான் பேசணும்."

டீச்சர் என்னை நம்பாமல்தான் பார்த்தார். நியாயம்தான். ஆனாலும் திருத்தப் பக்கம் ஒன்று தயார் செய்தோம். எந்தெந்தப் பக்கத்தில் ஆறாம் பள்ளியின் எண் குறியில்லாமல் அச்சாகியிருக்கிறது, சரியான எண் எது, தவறு எப்படி நடந்தது. கடைசி வரியை நான் சொல்லச் சொல்ல டீச்சர் எழுதினார். எழுதும்போது இரண்டு முறை பேனாவை வைத்துவிட்டார். பிறகு படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். எக்செல் கோப்பில் நான் ஒரு கட்டத்தையும் தொடவில்லை. தலைப்பை அழகாக்கவில்லை, நிறம் அடிக்கவில்லை. மென்பொருள் எப்படிக் கொடுத்ததோ அப்படியே வைத்தேன். அண்ணாச்சி கடை லேப்டாப்பை எடுத்துப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, "நனைச்சிராத, அதுக்கும் ஒரு களை எடுக்க வச்சிராத," என்று கொடுத்தார். அது அவர் சம்மதம்.

குற்றாலம் பஸ்ஸில் கூட்டம். ஈரத் துண்டும் சீயக்காயும் வாழைக்காய் பஜ்ஜியும் கலந்த வாசம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஐந்து வாக்கியம். மூன்றாவது வாக்கியத்தில் ஒவ்வொரு தடவையும் திக்கியது. இறங்கும்வரை அந்த மூன்றாவதை மட்டும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

லாட்ஜில் மாடி வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் செய்தித்தாள். அதன்மேல் இடுப்பில் துண்டோடு ஒரு மனிதர் தலை முதல் கால் வரை எண்ணெய் வழிய உட்கார்ந்திருந்தார். மசாஜ் முடித்து, எண்ணெய் ஊறட்டும் என்று காத்திருக்கிறார். ஒரு பேராசிரியரை அந்தக் கோலத்தில் பார்த்தால் என்ன சொல்வது என்று நான் வைத்திருந்த ஐந்து வாக்கியத்தில் எதுவும் இல்லை.

"யாருங்க?"

"டைப்பிங்... கடையில இருந்து."

"ஓ, ஷீட்டுங்களா? கையப் பாருங்க." இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். மின்னின. "ஒண்ணையும் தொட முடியாது. அந்த மேசை மேல வச்சுட்டுப் போங்க. குளிச்சுட்டு வந்து பாத்துக்கறனுங்க."

மேசை இரண்டடி தூரத்தில் இருந்தது. பென் டிரைவையும் திருத்தப் பக்கம் வைத்த உறையையும் வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடலாம். உறைக்குள் எல்லாம் எழுதியிருக்கிறது. என் கால் அந்தப் பக்கம் திரும்பியும்விட்டது. ஆனால் அவர் அந்தத் தாளைப் படிப்பதற்கு முன்னால் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டால், டீச்சரைப் பற்றி அவர் மனத்தில் முதலில் விழுவது வேறொன்றாக இருக்கும்.

"சார், இப்பவே சொல்லணும்," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"சொல்லுங்க."

லேப்டாப்பைத் திறந்தேன். அவர் எட்டிப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. எண்ணெய்க் கையால் கண்ணாடியை எடுக்கவும் முடியவில்லை. "நீங்களே படிங்க, கேட்டுக்கறேன்," என்றார்.

பக்கத்து அறைக்காரர்கள் இருவர் கைப்பிடியில் துண்டு காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழ, நான் ஒவ்வொரு பள்ளியாகப் படித்தேன். ஐந்து பள்ளி முடிந்தது. "ஆறாம் பள்ளி. மைனஸ்." நிறுத்திவிட்டு எண்ணைச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மைனசுங்களா? புத்தகத்துல அப்படி இல்லீங்களே."

"புக்குல இருந்தத அழிச்சது நான் சார்." இதுதான் அந்த மூன்றாவது வாக்கியம். திக்கவில்லை. களை எடுப்பு என்ன என்று சொன்னேன். டீச்சருக்கு இன்று காலைவரை தெரியாது என்று சொன்னேன். சாருடைய முகத்தில் எண்ணெயைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"மத்த ஏழும்?"

"ப்ளஸ்தான் சார். ஒவ்வொண்ணா புக்கோட வச்சுப் பாத்துட்டேன்."

"இந்த ஷீட்ல நீங்க ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"ஒண்ணும் மாத்தல. தலைப்பு இங்கிலீஷ்லயே கெடக்கு பாருங்க."

"தரவு இருக்குதுங்களா? பிள்ளைங்க மார்க்கு?"

"இருக்கு சார்."

"எங் கண்ணு முன்னாடி ஒருக்கா ஓட்டுங்க பாக்கலாம்."

நோட்டைக் கொண்டுவரவில்லை. ஆனால் பெட்டிகள் நினைவில் இருந்தன. தரவைத் திறந்தேன், டிக் போட்டேன், அட்டவணை வந்தது, ஏற்றுமதி கொடுத்தேன், புதுக் கோப்பு திறந்தது. செய்வதை எல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே செய்தேன். ஆறாவது வரியில் அதே எண், அதே கோடு. கைப்பிடியில் நின்ற ஒருவர், "என்ன சார், சாரல்லயும் பரீட்சையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எக்ஸ்டர்னல் சார் என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "பின்னிணைப்பப் படிக்கறப்பவே எனக்கு உறுத்துச்சுங்க. சராசரி ஒண்ணு சொல்லுது, எஃபெக்ட் சைஸ் வேறொண்ணு சொல்லுது. அதுக்குத்தான் ஷீட்டக் கேட்டேன். இதுலயும் ப்ளஸ்ஸே வந்திருந்தா, நாளான்னிக்கு அந்தம்மாகிட்ட வேற மாதிரி பேசியிருப்பேன்."

லேப்டாப்பை மூடிப் பிளாஸ்டிக் பையில் வைக்கப் போனேன்.

"ஆனா ஒண்ணுங்க," என்றார். "நீங்க அழிச்சது தெரியாம. அந்தம்மா படிக்காமக் கையெழுத்துப் போட்டது தப்புத்தான். அத நான் விட மாட்டேன். எல்லாரும் இருக்கறப்பவே கேப்பேன். ஆறாம் பள்ளியில ஏன் எறங்குச்சுன்னு பதில் வச்சுட்டு வரச் சொல்லுங்க."

"சொல்லுதேன் சார்."

டீச்சரிடம் அப்படியே சொன்னேன். அவர் அன்று எனக்கு நன்றி சொல்லவில்லை. கோபமாகவும் இல்லை. பள்ளிகளில் அட்டைப் பாடம் நடந்த வருடத்து நோட்டுகளைத் தேடி எடுக்க வீட்டுக்குப் போய்விட்டார்.

வைவாவுக்குத் திருத்தப் பக்கத்தின் நகல்களை எடுத்துக்கொண்டு நானும் திருநெல்வேலிக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எக்ஸ்டர்னல் சார் சட்டை, கண்ணாடியோடு வேறு மனிதராக இருந்தார். சொன்னபடி கேட்டார். டீச்சர் தன் பக்கத் தவறை முதலில் ஒத்துக்கொண்டார். பிறகு ஆறாம் பள்ளியைப் பற்றிச் சொன்னார். அங்கே அட்டைகள் போதவில்லை. ஆறு பிள்ளைக்கு ஒரு கட்டு என்று கொடுத்திருக்கிறார். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டைக் கையில் வைத்துக்கொள்ள, மற்ற ஐந்தும் வேடிக்கை பார்த்திருக்கின்றன. அன்றைக்கே நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். எட்டிலும் வெற்றி என்று அட்டவணை சொன்னதால், அந்த நோட்டைத் திரும்பிப் பார்க்கவே தோன்றவில்லை என்றார். எக்ஸ்டர்னல் சார் நீண்ட நேரம் கேள்வி கேட்டார். பட்டத்துக்குப் பரிந்துரை செய்தார். ஐந்தாம் அதிகாரத்தைத் திருத்தி எழுதிச் சமர்ப்பித்த பிறகே என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்.

அந்த அதிகாரத்தை எங்கள் கடையில்தான் மறுபடி தட்டச்சு செய்தேன். எண்களை ஏற்றுமதி செய்த கோப்பிலிருந்தே எடுத்தேன். நான் படிக்க, டீச்சர் பார்த்தார். பிறகு அவர் படிக்க, நான் பார்த்தேன். ஆறாம் பள்ளிக்கு மட்டும் பதினொரு பக்கம் வந்தது.

புத்தகம் போன மறுநாள் அண்ணாச்சியிடம் ஒன்று கேட்டேன். "இதே மாதிரி எத்தனை புக்குல களை எடுத்தோம்?"

"ஏம்மா, விட மாட்டியா? முடிஞ்சு போனதக் கிளறுத."

"டீச்சருக்கு எக்ஸ்டர்னல் கேட்டாரு. மத்தவங்களுக்கு யாரும் கேக்கலையே."

அவர் தடுக்கவில்லை. மதியம் கூட்டம் குறையும் நேரத்தில், நாங்கள் கணக்குப் போட்டுக் கொடுத்த பழைய ஆய்வேடுகளின் தரவை ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். மறுபடி ஓட்டி, எக்செல்லாக ஏற்றுமதி செய்து, அச்சான அட்டவணையோடு வரி வரியாக வைத்துப் பார்க்கிறேன். இதுவரை பதினேழு முடிந்திருக்கிறது. பதினைந்து சரியாக இருந்தன. இரண்டில் கழித்தல் குறிகளைக் காணவில்லை. ஒன்று புளியங்குடிக்காரருடையது. இன்னும் சமர்ப்பிக்கவில்லை என்றார், நேரில் வந்து திருத்திக்கொண்டு போனார். மற்றொன்று ராயகிரிப் பக்கத்து ஆள். பட்டம் வாங்கி, வேலையிலும் சேர்ந்துவிட்டார். அவருக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருக்க முடியாது என்பது மட்டும் தெரியும்.

எண்ணைத் தேடி எடுத்து போன் செய்தேன். அண்ணாச்சி, "குடு, நா பேசுதேன்," என்று கையை நீட்டினார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் எடுத்தார்கள். நான் எந்தக் கடையிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லத் தொடங்கினேன்.